படித்துறைக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது – டர்பனிலிருந்து

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வாய்க்கால் படித்துறைக்கு நிதி திரட்டும் மடல்களைப் படித்தேன். நான் நீந்தப் பழகிய இடம் அது, எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் பணத்தை அதில் போட வேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் பக்கம் போயிருந்தேன். முந்தின இரவு நல்ல மழை. நாணல் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம், குனிந்தால் மலநாற்றம். செம்போடு வந்த ஒரு தமிழ்ப் பாட்டியம்மா ஆற்றில் முகக்கவில்லை. பேரன் காரிலிருந்து கேன் எடுத்துவர, குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினார். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து, ஆற்றங்கரைகளில் கோயில் கட்டியவர்களின் வழியில் வந்தவர். உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோன பிறகும் கோயிலை மீண்டும் எழுப்பிய சனங்கள் இவர்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பழி மழைமேல் இல்லை. மண் தரையாக இருந்தவரை மழை உள்ளே இறங்கியது. கூரையும் தார்ச்சாலையும் மூடியபின், தெருவின் எண்ணெய், டயர்த் தூள், நாய் மலம் எல்லாவற்றையும் முதல் மழையே வாரிக்கொண்டு போகிறது. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை, நேரே ஆறுதான். கழிவுநீருக்குத் தனிக் குழாய் உண்டு. அதை மேட்டுக்கு ஏற்றும் பம்பு நின்றுவிட்டால், பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி அதுவும் ஆற்றுக்கே வருகிறது. இங்கே 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பம்பு நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சிதைந்தன. வெள்ளம் சில நாளில் வடிந்தது, மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமியால் கடற்கரைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. உம்கேனி ஆற்றில் மேலே உள்ள இனாண்டா அணையில், கழிவின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று ஆகாயத்தாமரை மண்டுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். புறவழிச்சாலை வந்தபின் மூன்று மனைப்பிரிவுகள். "இருநூறு வீடுதானே" என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். மாமா, அந்த இருநூறு வீட்டுக் குளியலறைத் தண்ணீரும் எந்தப் பக்கம் ஓடுகிறது? செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கே போய்க் கொட்டுகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் கருங்கல் படி போட்டால், அதில் யார் இறங்குவார்கள்?

என் பங்கு பணத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். அதில் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து வடிகால்களின் வரைபடம் போடச் செய்யுங்கள். வாய்க்காலில் கலக்கும் ஒவ்வொரு குழாய் வாயும் அதில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் தம்பிகளில் யாராவது அடுத்த பெருமழைக்கு மறுநாள் காலையில் மதகடியில் நின்று படம் எடுத்து இங்கே போடுங்கள்.

அன்புடன்,
மேலத்தெரு வாத்தியார் வீட்டு இளையவன்