இலுலிசாட்டிலிருந்து படகில் ஒகாட்சுட் போனது

கிரீன்லாந்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. ஒகாட்சுட் என்ற மீனவக் கிராமம், அங்கே மேற்குக் கரையில் இருக்கும் இலுலிசாட் நகரத்துக்கு வடக்கே 15 கிலோமீட்டர்தான், ஐம்பது பேர்கூட வசிக்காத இடம், கோடையில் அங்கே போக நாங்களும் படகுதான் பிடித்தோம்.

படகோட்டி நேராக ஓட்டவே இல்லை. ஒவ்வொரு பனிப்பாறையையும் தூரமாகச் சுற்றிக்கொண்டு போனார். கொஞ்சம் கிட்டே போனால் நல்ல படம் கிடைக்குமே என்று கேட்டேன், முடியாது என்று தலையாட்டினார். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கிறது, எப்போது புரளும் என்று சொல்ல முடியாது, புரண்டால் அந்த அலையில் இந்தப் படகு நிற்காது என்றார். பாதி வழியில் இன்ஜினை நிறுத்தினார். சுற்றி மிதந்த சின்னத் துண்டுகளிலிருந்து கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம்! ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பனிக்குள் அடைபட்டிருந்த காற்று, பனி கரையக் கரைய வெளியே வருகிற சத்தம் அது. யாரும் பேசவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மரவீடுகள், பாறைகளில் சங்கிலியில் கட்டிய நாய்கள், மரச்சட்டங்களில் காயும் மீன். ஒரு பெரியவர் ஹாலிபட் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். காய்ந்த துண்டு ஒன்றை நீட்டினார். நம் கருவாடு மாதிரி உப்புக் கரிக்கவில்லை, மெல்ல மெல்ல எண்ணெயும் இனிப்புமாக இறங்கியது. "குயானாக்" என்றேன், அவர்கள் மொழியில் நன்றி, எனக்குத் தெரிந்த ஒரே சொல். சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கொடுத்தார்.

அவர் பேசியதை அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், நாய்வண்டியில் உறைகடல் மேல் போய், பனியில் துளை போட்டு, நூற்றுக்கணக்கான தூண்டில் கட்டிய நீளக் கயிற்றை ஆழத்தில் இறக்குவார்களாம். இப்போது சில வருடம் பனி ஆள் நடக்கும் அளவுக்குக்கூட உறைவதில்லை, அதனால் குளிர்காலத்திலும் படகுதான். அப்புறம் நாய்களுக்கு வேலை என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் பாறைப் பக்கம் பார்த்தார். மீன் குடலை அள்ளிக்கொண்டு அங்கே நடந்தார், அத்தனை நாய்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று ஊளையிட்டன.

போகிறவர்கள் அந்த நாய்களைத் தொடப் போகாதீர்கள், வீட்டு நாய் மாதிரி இல்லை. கோடையானாலும் கம்பளிக் கையுறை கட்டாயம் வேண்டும்.