பழைய முனிசிபாலிட்டி ஆபீசை இடிக்கலாமா?

ஆற்றங்கரையான்:
நம்மூர் பழைய முனிசிபாலிட்டி ஆபீசை இடிச்சுட்டு மூணு மாடி கடை காம்ப்ளக்ஸ் கட்டப் போறதாப் பேச்சு. இடிக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866-லயே முனிசிபாலிட்டி ஆயாச்சு. 1882-ல ரிப்பன் பிரபுவோட உள்ளாட்சித் தீர்மானம், 1884-ல மாவட்ட முனிசிபாலிட்டி சட்டம்னு வந்த பிறகு கட்டுன கட்டடம் நம்மளது. முன்னால வளைவு வளைவா வராந்தா, நடுவுல முக்கோண முகப்பு, உள்ள தேக்கு உத்திரம். வெயில் ஆபீஸ் சுவர்ல படாம வராந்தாவே வாங்கிக்கிடும். சித்திரை மாசம் மத்தியானம் வரி கட்டப் போனவங்களுக்குத் தெரியும்.

வார்டு 14:
வெள்ளைக்காரன் வரி வாங்கக் கட்டுனதுக்கு இவ்வளவு பாசமா அண்ணாச்சி? எங்க ஆச்சி, தாத்தாவோட இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனா. ஆறு படி ஏற முடியல. வெயில்ல சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்திருந்தா. உள்ள போனா ரிஜிஸ்டர் மேல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க, அவ்வளவு ஒழுகல். தூணைப் பாத்து ரசிக்கவா அங்க போறோம்?

ஆற்றங்கரையான்:
யாரு கட்டுனாங்கன்னு பாத்து இடிக்கணும்னா ஒண்ணும் மிஞ்சாது. 1956-ல செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்துல இருந்து நம்ம பக்கம் வந்தப்ப, திருவிதாங்கூர் சங்கு முத்திரை இருக்குன்னு அந்த ஊர் நுழைவாயிலை இடிச்சா போட்டோம்?

காரைக்கரண்டி:
ஒழுகலைப் பத்தி மட்டும் சொல்லுதேன், எங்க அப்பா காலத்துல இருந்து இதே வேலை. அந்தக் கூரை மெட்ராஸ் டெரஸ். உத்திரத்து மேல கட்டை, கட்டை மேல சின்னச் செங்கலைக் குத்துவாக்குல நிறுத்தி சுண்ணாம்புல கோணமா வரி பிடிப்பாங்க. அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணியைத் தெளிச்சு தெளிச்சு நாள்கணக்கா அடிப்பாங்க. கடைசியா தட்டோடு. அப்படி இருந்த தட்டட்டியில, அதான் மொட்டை மாடியில, ஒரு புண்ணியவான் சிமெண்டைப் பூசிட்டுப் போயிட்டான். வெயில்ல கட்டை விரியும் சுருங்கும், சுண்ணாம்பு கூடக் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும், சிமெண்டு வெடிக்கும். வெடிப்புல இறங்குன தண்ணி மேல காஞ்சு போக வழியில்லாம, சுவருக்குள்ள இருக்கிற கட்டை முனையில போய் நிக்கும். கூட்ட ஹால் மூலையில கட்டை முனையைத் தட்டிப் பாருங்க, பொத்துப் பொத்துன்னு கேக்கும். சுவர்ல உப்புப் பொரிஞ்சு உதிருதே, அதுவும் சிமெண்டுப் பூச்சு செஞ்ச வேலைதான்.

தேரடி:
சரிவே, சுண்ணாம்பு அரைச்சுப் பூச ஆள் எங்க? கோயில் திருப்பணிக்கே ஆள் தேடி அலையுதாங்க. குறைஞ்ச ரேட்டுக் கேட்டவனுக்குத்தான் டெண்டர் போவும். அவன் மறுபடியும் சிமெண்டு மூடையோடதான் வருவான்.

காரைக்கரண்டி:
டெண்டர்லயே சுண்ணாம்புக் காரைன்னு எழுதட்டும். இத்துப் போன முனையை மட்டும் அறுத்துட்டு வேற தேக்கு ஒட்டுப் போடலாம். மொத்தக் கூரையையும் பிரிக்க வேண்டாம்.

ஆற்றங்கரையான்:
2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதே மழைதான். இங்க பின்னால கட்டுன புது பில்டிங்குல முழங்காலுக்கு மேல தண்ணி, கம்ப்யூட்டர் எல்லாம் அம்பேல். பழசுல தண்ணி நாலாவது படியோட நின்னுச்சு. பேஸ்மட்டம் மூணரை அடி. ஆத்தோட குணம் தெரிஞ்சவன் போட்ட மட்டம்.

வார்டு 14:
அதே மூணரை அடிதான் எங்க ஆச்சியை வெளியில உக்கார வச்சுது. உங்களுக்கு அது வெள்ளத்துக்கு வச்ச மட்டம், அவளுக்கு அது மதில்.

காரைக்கரண்டி:
அதுக்கு இடிக்கணும்னு இல்ல தம்பி. சாய்தளம் ஒண்ணுக்குப் பன்னெண்டு, அதாவது ஒரு அடி ஏறப் பன்னெண்டு அடி நீளம். மூணரை அடி ஏற நாப்பத்திரண்டு அடி நீளம், நடுவுல தட்டையா நிக்க இடம். பின்பக்கம் தாராளமா இடம் கிடக்கு.

வார்டு 14:
பின்பக்கம்னா கக்கூசைச் சுத்திட்டுப் போகணும். சேர்மன் வாற வாசல் வழியா ஆச்சியும் வரணும்.

ஆற்றங்கரையான்:
முன்னால போட்டா ரெண்டு வளைவு மறைஞ்சிரும். ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னு வச்ச முகப்பு, ஒரு பக்கம் நொண்டும்.

தேரடி:
கடைசியில வந்து வளைவுல முட்டுதீரே!

காரைக்கரண்டி:
வராந்தாவோட கிழக்குப் பக்கவாட்டுல ஏத்தலாம். முகப்பு தப்பிச்சிரும், ஆளும் முன்வாசலுக்கே வந்திருவாங்க. சுவர்ல துளை போடாம தனியா நிறுத்துனா, நாளைக்கு எடுக்கணும்னாலும் எடுத்துரலாம். ஆனா கிழக்கே ஜெனரேட்டர் ரூம் நிக்கு, அதை மாத்தணும்.

வார்டு 14:
ஜெனரேட்டர் ரூம் நேத்து முளைச்சது, அதை இடிங்க, நானே கடப்பாரையோட வாரேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கிறதா இருந்தா, கூரைக்கு முன்னால சாய்தளத்தை எழுதுங்க. முதல் வரியில அது இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது.