புதுப்பிப்பு: கொதிச்ச மோட்டர், சறுக்கின பக்கி

போன மாதம் கேட்டிருந்தேன்: பிரஷ்லெஸ் (கரித்தூரிகை இல்லாத) மோட்டர் போட்ட பிறகு என்ர 1/10 அளவு ரிமோட் கார் பக்கியில மோட்டர் அஞ்சு நிமிஷத்தில கொதிக்குது, வளைவில பின்பக்கம் சறுக்குது எண்டு. பினியனை (மோட்டர் அச்சில இருக்கிற பல்சக்கரம்) சின்னதாக்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. 23 பல்லை 19 ஆக்கினேன். வேகம் கொஞ்சம் குறைஞ்சதுதான், ஆனா இப்ப மோட்டரில விரல் வைக்கலாம்.

சறுக்கல்தான் இழுத்தடிச்சது. டயரில பிழை எண்டு நினைச்சு ரெண்டு சோடி வாங்கினேன் (விலையை வீட்டில சொல்லேல்லை). கடைசியில பார்த்தா, பின் ஷொக் (அதிர்வு தாங்கி) ஒண்டில எண்ணெய் கசிஞ்சு காலி! ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாத்தி, 30 வெயிட் (எண்ணெயின்ர தடிப்பு அளவு) சிலிக்கோன் எண்ணெய் விட்டு, காத்துக் குமிழ் போகும்வரை பிஸ்டனை மெல்ல ஏத்தி இறக்கி மூடினேன். இப்ப வளைவில பிடிக்குது. கொழும்பு வெயிலுக்கு எண்ணெய் இளகும், அடுத்தமுறை இன்னும் தடிப்பான 35 வெயிட் விட்டுப் பார்ப்பம்.

வெள்ளவத்தைக் கடற்கரைக்கு மட்டும் கொண்டுபோகமாட்டேன். உப்பு மணல் பெயரிங்கைத் தின்னும்.