காரைக்குடியின் முதல் மேயர் தேர்தல்: வாக்காளர் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

செக்காலை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் செக்காலைப் பகுதியில் நீண்ட காலமாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1928 முதல் நகராட்சியாக இருந்த எங்கள் ஊர், 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய ஊர்களோடு சேர்ந்து மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022-இல் 36 வார்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றமே மாமன்றமாகவும், அதன் தலைவரே மேயராகவும் ஆனதால், மாநகராட்சி என்ற பெயரில் நாங்கள் வாக்களிக்கப்போகும் முதல் தேர்தல் இனிமேல்தான் வர இருக்கிறது. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது.

திங்கள் சந்தையில் காய் வாங்கப் போனாலும், கொப்புடையம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போதும், "மேயருக்கு யார் நிற்கப்போகிறார்கள்?" என்ற பேச்சுதான் காதில் விழுகிறது. ஆனால் என் மருமகளோ, "அத்தை, வாக்கு இயந்திரத்தில் மேயருக்கென்று பொத்தானே இருக்காது" என்கிறாள். அவள் சொல்வது சரியென்றால், மேயர் பதவிக்கு வருபவரை நாங்கள் எந்தக் கட்டத்தில், எதை வைத்து எடைபோடுவது? ஊருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்று, பாதாளச் சாக்கடை, ஊருணிகள், புதிதாகச் சேர்ந்த ஊர்கள் என்று கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கேள்விகள் கையில் இருந்தும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய வருவாய்ப் பிரிவு ஊழியர்:

அம்மா, வணக்கம். வேறொரு மாவட்டத்தில் நகராட்சி வருவாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிறந்த ஊர் தேவகோட்டை. இப்போதுள்ள முறைப்படி உங்கள் மருமகள் சொன்னதே சரி. நாம் வார்டு உறுப்பினரை மட்டுமே தேர்ந்தெடுக்கிறோம். வென்றுவந்த உறுப்பினர்கள் பதவியேற்ற பின் கூடி, தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதைத்தான் மறைமுகத் தேர்தல் என்கிறோம்.

தமிழ்நாட்டில் இது எப்போதும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை என்பதால் மக்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, நகர அமைப்பின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அதனால் 1996, 2001 தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல் நடந்தது. 2019 நவம்பரில் கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டத்தால் மறைமுகத் தேர்தல் திரும்பியது. 2022 பிப்ரவரி 19 அன்று நாம் வார்டுகளுக்கு வாக்களித்தோம். மார்ச் 4 அன்று 21 மாநகராட்சிகளிலும் மேயர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இதன் விளைவை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்தைப் பாருங்கள். காரைக்குடியைப் போலவே நகராட்சியாக இருந்து உயர்ந்த ஊர் அது. 2022-இல் மாநகராட்சியாக முதல் தேர்தலைச் சந்தித்தபோது, 48 வார்டுகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. கூட்டணி உடன்பாட்டின்படி மேயர் பதவி அக்கட்சிக்குப் போக, ஆட்டோ ஓட்டுநரான சரவணன் அவர்கள் முதல் மேயரானார். எளிய உழைப்பாளி ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்ததை நான் மனமார வரவேற்றேன். ஆயினும் வாக்களித்த நாளில் அந்த ஊர் மக்களுள் எத்தனை பேர் அவரை மேயராக எண்ணியிருப்பார்கள்? மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானித்து, உறுப்பினர்கள் கைதூக்கும் நிலைக்கு முன்பாகவே நாம் பேசியாக வேண்டும். கட்சி வேட்பாளர் பட்டியல் வெளியாகி வார்டு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும் அந்த இரண்டு வாரங்கள்தான் உங்கள் காலம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த மேயர், அதே உறுப்பினர்களோடு இணக்கமாக இருந்தால்தான் மன்றம் நடக்கும். 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் இருவரும் பதவி விலகினார்கள். திருநெல்வேலியில் அடுத்த மாதம் நடந்த தேர்தலில், ஆளுங்கட்சி அறிவித்த ராமகிருஷ்ணன் அவர்களை எதிர்த்து அதே கட்சி உறுப்பினரே நின்றார், அறிவிக்கப்பட்டவரே வென்றார். அதே ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம், வாக்களிக்க உறுப்பினர்கள் வராததால் தோற்றுப்போனது. இப்படி மன்றம் தனக்குள் மல்லுக்கட்டும் மாதங்களில் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தீர்மானம் போடுவது யார்? ஆகவே வேட்பாளரிடம், "மேயர் தேர்தலில் எப்படிப்பட்டவருக்கு வாக்களிப்பீர்கள்? கட்சி சொன்னவர் தகுதியற்றவர் என்று தோன்றினால் உள்ளே பேசுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து விவரமும் வழக்கு விவரமும் இருக்கும். அதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

சங்கராபுரத்துக்காரன்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் உங்கள் மாநகராட்சிக்குள் புதிதாக வந்தவன். கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு எங்கள் சங்கராபுரமும் இணைக்கப்பட்டது. எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. வார்டு எல்லைகளை வரையறுத்துத் தேர்தல் நடத்தினால்தான் எங்கள் பக்கத்துக் குரல் மாமன்றத்தில் கேட்கும். அதனால் மேயர் யார் என்பதைவிட, எங்கள் தெரு எந்த வார்டில் விழுகிறது, அந்த வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா என்பதே எங்களுக்கு முதல் கேள்வி. மேயர் பதவியும் சுழற்சி முறையில் ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது. 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. காரைக்குடிக்கு எந்த ஒதுக்கீடு வருகிறதென்று தெரியும் முன்பே பெயர்களைப் பேசுவதில் பயனில்லை.

எங்கள் பெரியத்தா, எழுபதை நெருங்குபவர், நூறு நாள் வேலை அட்டையை நெகிழிப் பைக்குள் வைத்து, பையின் வாயை ரப்பர் வளையத்தால் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அந்தத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. ஊராட்சி மாநகராட்சியானால் அந்த அட்டைக்கு வேலை இல்லை. இணைப்பை எதிர்த்து மக்கள் குரல் எழுப்பியதற்கு வரி உயர்வு அச்சத்தோடு இதுவும் பெரிய காரணம். மாநில அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதைப் புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் கேட்டு வாங்குவேன் என்று சொல்லும் வேட்பாளர் எங்களுக்கு வேண்டும். நல்ல சாலையும் தண்ணீரும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவை வரும்வரை பெரியத்தாவின் கூலிக்கு என்ன வழி என்றுதான் கேட்கிறோம்.

கண்டனூர் வீட்டுக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் வேலை, கண்டனூரில் பங்காளிகள் ஐவருக்குப் பொதுவான வீடு. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வளவுக் கதவைத் திறக்கிறோம். 2022 ஏப்ரலில் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் உயர்வு அறிவித்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் பட்டாலையும் முதல் கட்டும் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். பெரிய வீடு என்றால் பெரிய வருமானம் என்று கணக்கிடுவது இங்கே பொருந்தாது. பூட்டிய வீட்டில் ஓடு மாற்றுவதற்கே பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது. இருந்தும் என் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பது சென்னையில். உள்ளாட்சித் தேர்தலுக்குச் சட்டமன்றப் பட்டியலையே அடிப்படையாகக் கொள்வதால், காரைக்குடி மாநகராட்சிக்கு நான் வரி மட்டும் கட்டுபவன். இதற்காக வாக்குரிமை கேட்கவில்லை. ஊரில் வாழ்பவர்கள் தீர்மானிப்பதே நியாயம். பூட்டிய வீடுகள் உள்ள தெருக்களும் வார்டுதான் என்பதை மட்டும் வேட்பாளர் நினைவில் வைக்கட்டும்.

மறைமுகத் தேர்தலை நான் குறையாகப் பார்க்கவில்லை. 1933-இல் சென்னைக்கு மேயர் பதவி வந்தபோது முதலில் அமர்ந்தவர், கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்து முத்தையா செட்டியார். அன்றும் உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறையில்தான் 1956-இல் தாரா செரியன் என்ற பெண்மணி அப்பதவிக்கு வர முடிந்தது. பழைய ஊழியர் ஐயா சொன்ன பூசல்கள் உண்மை. ஆனால் நேரடித் தேர்தலில் மாநகரம் முழுவதும் சுற்றி வரப் பணம் உள்ளவரே நிற்க முடியும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

செக்காலை ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. கண்டனூர் தம்பி சொன்ன பணக் கணக்கு எனக்குத் தோன்றாதது. ஆனாலும் யார் மேயராவார் என்று அறியாமல் வாக்களிப்பதில் என் மனம் ஒப்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மாலை எங்கள் பக்கத்து ஊருணியைப் போய்ப் பார்த்தேன். வரத்துக்காலின் மடைக்கல்லில் கை வைத்துப் பார்த்தால், பழங்காலத்தில் நீர் வழுக்கி ஓடிய இடம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. மடைக்கு மேலே கால்வாயில் மண் மேடிட்டு, அதன்மேல் ஆவாரஞ்செடி பூத்திருக்கிறது. மழைநீர் வந்தாலும் உள்ளே இறங்க வழியில்லை. கூரைத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் ஊருணிக்குக் கொண்டுசேர்த்து நம் முன்னோர் வறட்சியைத் தாண்டிய பூமி இது. சம்பை ஊற்று வற்றாமல் இருக்க வேண்டுமென்றாலும் மேலே பெய்வது மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும்.

எங்கள் வார்டுக்கு வேட்பாளராக வருபவர்களை, எந்தக் கட்சியாக இருந்தாலும், திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, அந்த மடை வரை என்னோடு நடந்து வரும்படி கேட்கப்போகிறேன். வருபவரிடம் மூன்று கேள்விகள்: இந்தக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, மேயருக்கு யாருக்கு வாக்களிப்பீர்கள், சங்கராபுரத்துப் பெரியத்தாவின் அட்டைக்கு என்ன பதில். சங்கராபுரத்துத் தம்பி, வார்டு வரையறை வரைவு வெளியானதும் இங்கே தெரிவியுங்கள். ஆட்சேபம் எழுதித் தருவதற்கு என்னால் உதவ முடியும்.