மொட்டை மாடிக்கு மேலே ட்ரோன்: தடுக்க நமக்கு உரிமை உண்டா?

பாலாற்றங்கரை (கேள்வி)

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் வீடு. பின்னால் இருந்த நிலத்தை மனை போட்டு விற்கிறார்கள், விளம்பர வீடியோவுக்காக சாயங்காலம் ஆனால் ட்ரோன் கிளம்பிவிடுகிறது. மனைக்கு மேலே பறந்துவிட்டுப் போகட்டும், ஆனால் திரும்பும்போது எங்கள் மாடிக்கு வந்து, தண்ணீர் டேங்குக்குச் சற்று மேலே அப்படியே நிற்கிறது. நம்ம ஊர் வெயில் தெரியுமே, சித்திரை வைகாசியில் வீட்டுக்குள் படுக்கவே முடியாது, பெண்கள் பொழுது சாய்ந்ததும் மாடியில் பாய் போட்டுவிடுவார்கள். இப்போது அந்த ர்ர்ர் சத்தம் கேட்டாலே பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடி வருகிறார்கள். கேட்கப் போனால், வானம் உங்கள் அப்பா சொத்தா என்கிறான் அந்த ட்ரோன் ஓட்டுகிற பையன். பட்டா என் பேரில் இருக்கிறது, அப்படியென்றால் மேலே எத்தனை அடி வரை எனக்குச் சொந்தம்? என் தம்பி கவணில் அடித்து இறக்குகிறேன் என்று நிற்கிறான்.

கோர்ட் வாசல்

சார், முதலில் தம்பியிடமிருந்து கவணை வாங்கி வையுங்கள். ட்ரோன் உடைந்தால் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்கு உங்கள் மேல் திரும்பும், உங்கள் புகார் எடுபடாமல் போய்விடும்.

இத்தனை அடி வரை உங்களுடையது என்று பட்டாவிலும் இல்லை, நம் சட்டத்திலும் கணக்கு இல்லை. நியாயமான உயரத்தில் விமானம் பறந்தது என்பதற்காக மட்டும் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்று 1934 விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்னது. அமெரிக்காவில் 1946இல் காஸ்பி வழக்கு என்று ஒன்று. வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு 83 அடி மேலே ராணுவ விமானங்கள் போய்வந்து, மிரண்டுபோன கோழிகள் சுவரில் மோதி நூற்றைம்பது வரை செத்தன. நிலத்துக்காரருக்கு ஆகாயம் முழுக்கச் சொந்தம் என்ற பழைய பேச்சை அந்த ஊர் உச்ச நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு மேல்வெளி அவருக்கு உண்டு என்று நஷ்ட ஈடும் கிடைக்க வழி செய்தது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனாலும் டேங்க் உயரத்தில் வந்து நிற்பதை நியாயமான உயரம் என்று எந்த நீதிபதியிடம் சொல்ல முடியும்?

அதனால் புகாரில் “என் ஆகாயத்தில் பறந்தான்” என்று எழுதாதீர்கள். கேமராவோடு வீட்டார் மேல் வந்து நிற்கிறது, தினமும் தொல்லை என்று எழுதுங்கள். அதன் பிறகும் நிறுத்தாவிட்டால் தொல்லை என்ற அடிப்படையில் சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம், கோர்ட் வளாகமும் உங்கள் சத்துவாச்சாரியிலேயேதான் இருக்கிறது.

குடியாத்தம் கேமரா

கல்யாணம், திருவிழா என்று ட்ரோன் ஓட்டித்தான் என் பிழைப்பு, அதனால் இதைப் படிக்கவே கோபமாக வருகிறது. இவர்களால்தான் ஒழுங்காக ஓட்டுகிறவனையும் ஊரில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அண்ணே, 2021 ட்ரோன் விதிகள்படி அரசின் இணையதளத்தில் பதிந்து ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வாங்க வேண்டும், அதைக் கேளுங்கள். 250 கிராமுக்கு மேல் உள்ளதை வியாபாரத்துக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழும் கட்டாயம். மனை விளம்பரம் வியாபாரம்தானே. மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் சின்ன ட்ரோன்கள் 249 கிராமில் வருகின்றன, அதற்குச் சான்றிதழ் கேட்க முடியாது. பறக்கத் தடையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி இல்லாமல் பறக்கலாம், அதற்காக அடுத்தவர் மாடியில் இறங்கி நிற்கலாம் என்று அர்த்தமில்லை. மனையை எடுக்க நூறு அடிக்குக் கீழே வரவேண்டிய வேலையே கிடையாது, கேமராவைத் திருப்பினால் போதும்.

அணைக்கட்டு மருமகள்

மாடி வீட்டுக்காரர்கள் கீழே ஓடிவிடலாம், எங்கள் கிராமத்தில் எங்கே ஓடுவது? கொல்லையில் நாலு பக்கம் தட்டி கட்டின குளியலறைதான், மேலே கூரை கிடையாது. பக்கத்து நிலத்தில் மருந்தடிக்க ட்ரோன் வருகிறது, அதில் கேமரா இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கும்போது சத்தம் கேட்டால் ஈரத் துணியோடு சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறோம். எங்களுக்கு என்ன சட்டம் இருக்கிறது?

கோர்ட் வாசல்

அம்மா, உங்களுக்குத்தான் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கிறது. பெண் குளிக்கும்போது பார்த்தாலோ படம் எடுத்தாலோ இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் வரும், முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை. கூரை இல்லை என்பதால் அந்த இடம் பொது இடம் ஆகிவிடாது. படம் எடுத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவும் சேரும். மாடியில் பாய் போட்டுப் படுத்திருப்பதைப் படம் எடுத்தால் இந்த இரண்டும் எளிதில் பொருந்தாது, எனக்கு அதில் வருத்தம் உண்டு, சட்டத்தில் அது பெரிய ஓட்டை. அதனால்தான் அவருக்கு சிவில் வழி சொன்னேன்.

பாலாற்றங்கரை

நன்றி சார். ஸ்டேஷனுக்குப் போகுமுன் கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

கோர்ட் வாசல்

போனில் வீடியோ எடுங்கள், ட்ரோனும் உங்கள் டேங்கும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும், அப்போதுதான் உயரம் புரியும். தேதி, நேரம் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மனைக் கம்பெனிக்கு முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, அந்த ரசீதையும் புகாரோடு இணையுங்கள்.