பிரிட்டிஷ் ராக் குழு கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ பாட்டு: என் கிட்டாரில் ஏன் அந்தச் சத்தம் வரவில்லை?

கேள்வி: மூன்று நாளாகப் பழகுகிறேன். கார்டெல்லாம் (chord, சேர்த்து மீட்டும் ஸ்வரங்கள்) சரி, ஆனால் கேட்டால் வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா, “கம்பி அறுந்துபோச்சாப்பா?” என்கிறார்.

பதில்: உங்கள் கையில் தப்பில்லை, டியூனிங்தான், அதாவது கம்பிகளின் சுருதிதான் வேறு. நாலாம் கம்பியை டி (D) ஸ்வரத்திலிருந்து பி-க்கு (B) இறக்குங்கள். மெல்லிய முதல் கம்பியை அரை ஸ்டெப் (அரை ஸ்வர அளவு) மட்டும். தொளதொளவென்று ஆகும், பயப்படாதீர்கள்.

இன்னொரு பதில்: 2000-இல் ‘பாரசூட்ஸ்’ என்ற முதல் ஆல்பத்தில் வந்த பாட்டு. வீடியோவில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் மட்டும் இங்கிலாந்தின் ஸ்டட்லேண்ட் கடற்கரையில் நனைந்தபடி நடப்பார். அன்று டிரம்மர் வில் சாம்பியனின் அம்மாவுக்கு இறுதிச்சடங்கு. அதனால்தான் குழுவின் மற்றவர்கள் அதில் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

கேட்டவர்: இறக்கினேன், வந்துவிட்டது! அப்புறம், தாத்தா கதவைச் சாத்திக்கொண்டார்.