100 விநாடியா, 200 விநாடியா? தொட்டி மட்டத்துக்கு ஒரு தகராறு

குழாய்க்காரன்: "தொட்டியின் டைம் கான்ஸ்டன்ட் வேண்டுமா? கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தால் முடிந்தது" என்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். (டைம் கான்ஸ்டன்ட் என்றால், வரத்து மாறியபின் மட்டம் ஏறவேண்டியதில் சுமார் 63 சதவீதம் ஏற ஆகும் நேரம்.) படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சதுர மீட்டர் தொட்டி, ஒரு மீட்டர் தண்ணீர், அடித்துளை வழியாக விநாடிக்கு 10 லிட்டர் போகிறது, அதே அளவு வரத்து. அவர் கணக்கில் 100 விநாடி. சரியான விடை 200. அந்த 2 எங்கே போச்சு ஐயா?

வால்வு மாமா: எடுத்தது நான்தான். 1000 லிட்டர், விநாடிக்கு 10 லிட்டர். நாலாம் வகுப்பு வகுத்தல். 26 வருஷமா ஆலையில் மட்டம் பார்க்கிறேன். 100.

குழாய்க்காரன்: டாரிசெல்லி விதிப்படி வெளியேற்றம் மட்டத்தின் வர்க்கமூலத்தோடு போகும். ஒரு மீட்டரில் லீனியரைஸ் செய்தால், அதாவது அந்த வளைகோட்டை அங்கே நேர்கோடாக எடுத்தால், சரிவு (மட்டம் ஏறும்போது ஓட்டம் கூடும் வீதம்), ஓட்டத்தை மட்டத்தால் வகுப்பதில் பாதிதான். சரிவு பாதியானால் விடை இரண்டு மடங்கு. உங்கள் 100, தொட்டியில் உப்பு கலந்து வெளியேறும் கணக்குக்குச் சரி. மட்டத்துக்கு இல்லை.

வால்வு மாமா: உப்பை நான் கேட்டேனா? 100.

கல்லூரி எலி: வரத்தை 10.5 லிட்டராக்கி சிமுலேஷன் ஓட்டினேன். லீனியர் மாடல் 10 செ.மீ. ஏறும் என்றது, வர்க்கமூலத்தோடு 10.25. அந்த 10-இல் 63 சதவீதமான முதல் 6.3 செ.மீ. ஏற ஏறக்குறைய 200 விநாடி.

வால்வு மாமா: கம்ப்யூட்டரில் தண்ணீர் கசியாது தம்பி. துளையில் ஓட்டம் குறைவதற்கு 0.6 என்று ஒரு குணகம் உண்டே, போட்டாயா?

குழாய்க்காரன்: அது அந்த 10 லிட்டருக்குள்ளேயே அடங்கிவிட்டது! மட்டத்தை 25 செ.மீ.யில் நிறுத்தினால் ஓட்டம் 5 லிட்டர், டைம் கான்ஸ்டன்ட் 100. உயர்ந்த மட்டத்தில் டியூன் செய்த (சரிப்படுத்திய) மட்டக் கன்ட்ரோலர் தாழ்ந்த மட்டத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

வால்வு மாமா: பார்த்தீர்களா, அவர் வாயாலேயே 100!

குழாய்க்காரன்: 25 செ.மீ.யில்!!

பாய்லர் பக்கிரி: துளைக்குப் பதில் பம்ப் உறிஞ்சினால்? மட்டம் ஏறினாலும் வெளியேற்றம் மாறாது, ஏறிக்கொண்டேதான் போகும். 100ம் இல்லை, 200ம் இல்லை.

வால்வு மாமா: பம்புக்குத் தனி விவாத இழை ஆரம்பியுங்கள். போன மாதம் பிஐடி கன்ட்ரோலர் இழையில் என்னைக் கிண்டலடித்தது நீங்கள்தானே? மறக்கவில்லை.

பாய்லர் பக்கிரி: கிண்டல் இல்லை, அனுதாபம்.

கல்லூரி எலி: மாமா, வரத்தை மூடினால் ஒரு மீட்டர் தண்ணீரும் வடிய எவ்வளவு நேரம்?

வால்வு மாமா: 100.

கல்லூரி எலி: மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் குறையுமே. 200 ஆகிறது.

வால்வு மாமா: உன் துளையில் குப்பை அடைத்திருக்கும். போய் ஒரு கம்பியை விட்டுக் குத்து.